கொலஸ்ட்ரால் மாத்திரை தசையைக் கெடுக்குமா? கெடுக்கும், ஆனால் யாருக்கு, எப்போது?

கேள்வி இது: "அப்பாவுக்கு 61 வயது, பத்து வருடமாகச் சர்க்கரை. எட்டு மாதம் முன்பு ஸ்டென்ட் வைத்தார்கள், அன்றிலிருந்து தினமும் அட்டோர்வாஸ்டாட்டின் 80. இப்போது இரண்டு மாதமாகத் தொடையும் கெண்டைக்காலும் வலிக்கிறது என்கிறார். 'கொலஸ்ட்ரால் மாத்திரை சதையைத் தின்றுவிடும்' என்று சித்தப்பா சொல்ல, ஒரு வாரமாக மாத்திரையை நிறுத்திவிட்டார். லேபில் சிகே (தசை சேதமானால் ரத்தத்தில் ஏறுகிற ஒரு நொதி) 310 என்று வந்திருக்கிறது. இந்த மாத்திரை நிஜமாகவே தசையைக் கெடுக்குமா? ஒரேயடியாக விட்டுவிடலாமா?"

சித்தப்பா சொன்னது முழுப் பொய் இல்லை. அட்டோர்வாஸ்டாட்டினும் சேர்ந்த ஸ்டாட்டின் என்கிற கொலஸ்ட்ரால் மாத்திரைகளால் தசைநார்கள் செத்து, அந்தக் கழிவு போய்ச் சிறுநீரகத்தை அடைத்து, ஆட்கள் இறந்தே இருக்கிறார்கள். ஆனால் அப்பாவின் வலி அந்த வகைதானா என்பது தனிக் கேள்வி, நீங்கள் கொடுத்த விவரங்களைப் பார்த்தால் இன்னும் இரண்டு மூன்று ஆசாமிகள் மேல் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. ஒன்றை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன்: ஸ்டென்ட் வைத்து எட்டே மாதம் ஆனவர் டாக்டரிடம் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தியதுதான் இதில் எனக்குப் பயமான இடம், கால் வலி இல்லை. இன்றைக்கே அவருடைய இதய மருத்துவருக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொல்லிவிட்டு மீதியைப் படியுங்கள். நான் மருந்தியல் பாடம் எடுப்பவன், உங்கள் அப்பாவின் நாடியைப் பிடித்துப் பார்க்கிற டாக்டர் இல்லை.

சரி, கொலஸ்ட்ராலுக்கான மாத்திரை தசைக்குள் போய் என்ன செய்கிறது? கல்லீரலில் கொலஸ்ட்ரால் தயாராகும் பாதையில் எச்எம்ஜி-கோஏ ரிடக்டேஸ் என்று ஒரு நொதி இருக்கிறது, ஸ்டாட்டின் பிடித்து நிறுத்துவது அதைத்தான். ஜப்பானில் சங்கியோ நிறுவனத்தில் வேலை பார்த்த அகிரா எண்டோ 6,000க்கும் மேற்பட்ட பூஞ்சை வகைகளைச் சலித்து, 1973இல் முதல் ஸ்டாட்டினைக் கண்டுபிடித்தார், கியோட்டோவில் ஒரு தானியக் கடை அரிசியில் படிந்திருந்த பூஞ்சணத்திலிருந்து. அந்த முதல் பொருள் மருந்தாகக் கடைக்கு வரவில்லை. அதன் பங்காளியான லோவாஸ்டாட்டின் 1987இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது, அப்புறம் சிம்வா, அட்டோர்வா, ரோசுவா என்று வரிசையாக வந்தன.

சிக்கல் என்னவென்றால், அந்த நொதி நிற்கிற இடம் தலைமடை. அதை அடைத்தால் கொலஸ்ட்ரால் என்கிற ஒரு வயலுக்கு மட்டும் தண்ணீர் நிற்பதில்லை, அதே வாய்க்காலில் பாயும் மற்ற வயல்களும் சேர்ந்து காய்கின்றன. அந்த நொதி உண்டாக்குகிற மேவலோனேட்டிலிருந்துதான் செல்லுக்குச் சக்தி தயாரிக்கிற மைட்டோகாண்ட்ரியாவுக்கு வேண்டிய கோஎன்சைம் க்யூ10 பிறக்கிறது. செல்லுக்குள் சின்னச் சின்னப் புரதங்களைச் சவ்வோடு கட்டிவைக்கிற ஜெரனைல்ஜெரனைல் என்ற கொழுப்பு வாலும் அதிலிருந்துதான் வருகிறது. அந்த வால் இல்லாவிட்டால் அந்தப் புரதங்கள் தம் இடத்தில் நிற்காமல் அலைகின்றன, தசை செல் தன்னைத்தானே கலைத்துக்கொள்ள ஆரம்பிக்கிறது. ஆய்வுக்கூடத்தில் தசை செல்கள் மேல் ஸ்டாட்டினைக் கொட்டினால் அவை சாகும், கூடவே மேவலோனேட்டைக் கொடுத்தால் பிழைக்கும். அதே பாதையில் இன்னும் கீழே, கொலஸ்ட்ராலுக்கு மட்டும் போகிற கிளையை அடைக்கிற மருந்தைப் போட்டால் அவ்வளவு சேதம் இல்லை. அதாவது தசையைக் கெடுப்பது கொலஸ்ட்ரால் குறைந்துபோனது இல்லை, வழியில் நின்றுபோன மற்ற சரக்குகள். 'எல்டிஎல் (கெட்ட கொலஸ்ட்ரால்) 50க்குக் கீழே போனால் தசை உருகிவிடும்' என்று சிலர் பயமுறுத்துவது இதனால்தான் எடுபடாது.

இதற்கு மனிதர்களிடமே ஒரு சாட்சி கிடைத்தது. இஸ்ரேலில் பெதுவின் என்ற அரபுப் பழங்குடிக் குடும்பம் ஒன்றில் பலருக்கு முப்பது வயது வாக்கில் இடுப்பைச் சுற்றியும் தோளைச் சுற்றியும் தசைகள் தளர ஆரம்பித்து, போகப் போக மூச்சுத் தசைகளும் பலவீனமாயின. மரபணுவைத் தேடிப் பார்த்தால், கோளாறு இருந்தது இதே எச்எம்ஜி-கோஏ ரிடக்டேஸ் நொதியின் மரபணுவில். அவர்கள் யாரும் ஸ்டாட்டினால் இந்த நிலைக்கு வரவில்லை, பிறவியிலேயே ஸ்டாட்டின் போட்ட மாதிரியான உடம்பு. விடுபட்ட சரக்கின் ஒரு வடிவமான மேவலோனோலாக்டோனை அந்தக் குடும்பத்தில் மிக மோசமாக இருந்த ஒரு பெண்ணுக்கு வாய்வழி கொடுத்தபோது அவருடைய தசை பலமும் மூச்சும் தேறின. 2023இல் வெளியான ஆய்வு இது. இப்போதைக்கு இது மருந்துக்கடையில் கிடைக்கிற பொருள் இல்லை, ஆனால் தசைக்கேடு எந்த இடத்தில் நடக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான தடயம் கிடைப்பது கஷ்டம். இதைத் தவிர, தசை செல்லுக்குள் கால்சியத்தைத் திறந்துவிடுகிற ரயனோடின் ரிசெப்டார் என்ற வாயிலை ஸ்டாட்டின் கசியவைக்கிறது என்றும், மைட்டோகாண்ட்ரியாவின் சக்திச் சங்கிலியை நடுவில் தடுக்கிறது என்றும் ஆதாரங்கள் இருக்கின்றன. ஒரே வழியில்தான் கெடுக்கிறது என்று யாராவது அடித்துச் சொன்னால் நம்ப வேண்டாம்.

அப்படியானால் உலகம் முழுக்கக் கோடிக்கணக்கானவர்கள் விழுங்குகிறார்களே, எல்லோருடைய தசையும் ஏன் போகவில்லை? அந்த மாத்திரையின் பெரும்பகுதி தசைக்குப் போய்ச் சேருவதே இல்லை. குடலிலிருந்து நேராகக் கல்லீரலுக்குப் போகிறது, அங்கே வாசலில் நிற்கிற ஒரு புரதம் அதை உள்ளே இழுத்துக்கொள்கிறது. பொது ரத்த ஓட்டத்தில் மிஞ்சுவது கொஞ்சம்தான். இந்த ஏற்பாடு எங்கே பிசகுகிறதோ அங்கே தசைக்கு ஆபத்து. வாசல்காரன் சரியாக வேலை செய்யாவிட்டாலும், கல்லீரல் மருந்தை உடைக்கிற வேலையை வேறு ஏதாவது தடுத்தாலும், டோஸ் ஒரேயடியாக அதிகமாக இருந்தாலும் ரத்தத்தில் ஸ்டாட்டின் ஏறும். தசை சேதத்தின் பெரிய கதைகள் அநேகமாக எல்லாமே ரத்தத்தில் அளவு ஏறிய கதைகள்தான்.

மோசமானது செரிவாஸ்டாட்டின் கதை. பேயர் நிறுவனம் அதற்கு 1997இல் அமெரிக்காவில் அனுமதி வாங்கியது, 2001 ஆகஸ்ட் 8 அன்று திரும்பப் பெற்றது. அந்தச் சமயத்தில் தசை அழிந்து இறந்ததாகப் பதிவானவர்கள் உலக அளவில் 52 பேர், அதில் 31 பேர் அமெரிக்காவில். அந்த 31 பேரில் 12 பேர் கூடவே ஜெம்ஃபைப்ரோசில் என்ற, டிரைகிளிசரைடு கொழுப்பைக் குறைக்கிற மாத்திரையும் சாப்பிட்டிருந்தார்கள். பிறகு அளந்து பார்த்ததில், ஜெம்ஃபைப்ரோசில் சேர்ந்தால் செரிவாஸ்டாட்டினின் ரத்த அளவு ஐந்து மடங்குக்கு மேல் ஏறுவது தெரிந்தது. தனித்தனியாக விழுங்கினால் ஓரளவு சமாளிக்கக்கூடிய இரண்டு மாத்திரைகள், ஒன்றாகச் சேர்ந்தபோது ஆளைச் சாய்த்தன. இன்றைக்கும் ஜெம்ஃபைப்ரோசிலையும் ஸ்டாட்டினையும் சேர்த்து எழுத வேண்டாம் என்பதுதான் பொது விதி. நம் ஊரில் ரோசுவாஸ்டாட்டினோடு ஒரே மாத்திரையாக விற்கிற ஃபெனோஃபைப்ரேட் வேறு மருந்து, அதில் இந்த ஆபத்து மிகக் குறைவு, இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

அடுத்தது சிம்வாஸ்டாட்டின் 80 மி.கி. மாரடைப்பு வந்த சுமார் 12,000 பேரை வைத்து பிரிட்டனில் நடந்த 'சர்ச்' (SEARCH) என்ற ஆய்வில், 80 மி.கி. எடுத்தவர்களில் நூற்றுக்கு ஒருவரை ஒட்டி நிஜமான தசை நோய் வந்தது, 20 மி.கி. எடுத்தவர்களில் ஏறக்குறைய யாருக்குமே இல்லை. வந்தவர்களின் மரபணுவைப் பார்த்தால் பாதிக்கு மேற்பட்ட கதை ஒரே இடத்தில் இருந்தது: கல்லீரல் வாசலில் நிற்கிற அந்தப் புரதத்தைச் செய்கிற எஸ்எல்சிஓ1பி1 மரபணு. அதில் ஒரு எழுத்து மாறிய பிரதியை அப்பா அம்மா இருவரிடமிருந்தும் வாங்கியவர்களுக்கு, 80 மி.கி. எடுத்தால் ஐந்தாறு வருடத்தில் தசை நோய் வரும் வாய்ப்பு 18 சதவீதம். மாறாத பிரதிகள் உள்ளவர்களுக்கு 0.6 சதவீதம். 2008இல் இது வெளியானது, 2011இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 80 மி.கி. சிம்வாவைப் புதிதாக யாருக்கும் ஆரம்பிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டது.

இதை எல்லாம் ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், உங்கள் கேள்வியில் ஒரு விஷயம் உறுத்துகிறது. மாத்திரை ஆரம்பித்து எட்டு மாதம், வலி வந்து இரண்டு மாதம். ஸ்டாட்டினால் வருகிற தசை வலி பெரும்பாலும் ஆரம்பித்த முதல் சில வாரங்களிலோ, டோஸ் ஏற்றிய பிறகோ தலைகாட்டும். ஆறு மாதம் ஒன்றும் செய்யாமல் இருந்த மாத்திரை திடீரென்று ஏன் முறைக்கிறது? இரண்டு மாதம் முன்பு என்ன மாறியது? இந்தக் கேள்வியை அப்பாவிடம் உட்கார்ந்து கேளுங்கள், அவர் "ஒன்றும் மாறவில்லை" என்று சொன்னாலும் மருந்துப் பையைக் கொட்டிப் பாருங்கள்.

நான் குறிப்பாகத் தேடுவது படர்தாமரைக்குத் தருகிற இட்ராகொனசோல் கேப்சூல். இப்போது ஊர் முழுக்கப் படர்தாமரை, சர்க்கரைக்காரர்களுக்கு இன்னும் அதிகம், தோல் டாக்டர் வாரக்கணக்கில் எழுதுகிறார். சில இடங்களில் டாக்டரே வேண்டாம், மெடிக்கலில் அரிப்பைக் காட்டினாலே ஒரு அட்டையைக் கொடுத்துவிடுகிறார்கள். அட்டோர்வாவை உடைக்கிற கல்லீரல் நொதியை இட்ராகொனசோல் முடக்குகிறது, ரத்த அளவு மூன்று மடங்குக்கு மேல் ஏறுகிறது. இருமலுக்கும் சளிக்கும் தருகிற கிளாரித்ரோமைசின் இன்னும் மோசம், நாலரை மடங்கு. இந்த இரண்டில் எதை எடுத்தாலும் அட்டோர்வா 20 மி.கி.க்கு மேல் போகக் கூடாது என்று மருந்தின் அதிகாரபூர்வக் குறிப்பிலேயே இருக்கிறது. உங்கள் அப்பா எடுப்பது 80. கிளாரித்ரோமைசினின் குடும்பத்தைச் சேர்ந்த அசித்ரோமைசினில் இந்தத் தொல்லை அவ்வளவாக இல்லை. கௌட் என்ற மூட்டு வீக்கத்துக்குத் தரும் கொல்கிசினும் தசையைக் கெடுக்கக்கூடியது, ஸ்டாட்டினோடு சேர்ந்தால், அதுவும் சிறுநீரகம் மந்தமானவர்களிடம், இரண்டு பங்கு ஜாக்கிரதை வேண்டும். ரத்த அழுத்தத்துக்கான டில்டியாசெம், வெரபமில், ஸ்டென்ட் வைத்தவர்களுக்குத் தருகிற டிகாக்ரெலோர் எல்லாமே சிம்வா அளவை ஏற்றுபவை, அட்டோர்வாவில் அவ்வளவு இல்லை. பம்பளிமாஸ் குடும்பத்தைச் சேர்ந்த கிரேப்ஃப்ரூட் ஜூஸும் இந்தப் பட்டியலில் உண்டு, ஆனால் நம் ஊரில் அதை லிட்டர் கணக்கில் குடிக்கிற ஆளை நான் பார்த்ததில்லை.

அட்டையைத் திருப்பி, பிராண்டு பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் இருக்கிற மருந்துப் பெயரைப் படியுங்கள். ஒரே கேப்சூலில் ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல், அட்டோர்வா மூன்றையும் அடைத்து விற்கிறார்கள். இரண்டு டாக்டர்களிடம் போகிறவர் கேப்சூலாக ஒரு ஸ்டாட்டினும் தனி மாத்திரையாக இன்னொரு ஸ்டாட்டினும் விழுங்குவது நடக்காத காரியம் இல்லை.

ரோசுவாஸ்டாட்டின் எடுப்பவர்களுக்கு ஒரு கூடுதல் தகவல், இது நமக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்டது. ஒரே டோஸுக்கு ஆசியர்களின் ரத்தத்தில் வெள்ளையர்களைவிடச் சுமார் இரண்டு மடங்கு மருந்து இருக்கிறது என்று 2005இல் எஃப்டிஏ எச்சரித்தது. அந்தப் பட்டியலில் சீனர், ஜப்பானியரோடு இந்திய வம்சாவளியினரும் உண்டு, 5 மி.கி.யில் ஆரம்பிக்கச் சொல்கிறார்கள். நாற்பத்தைந்து கிலோ எடையில் எழுபது வயதுப் பாட்டிக்கு எடுத்த எடுப்பிலேயே 40 மி.கி. எழுதுகிற சீட்டைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும். ஒல்லியான உடம்பு, வயது, சிறுநீரகக் கோளாறு, குடி, இவை எல்லாமே ஆபத்தை ஏற்றுபவை. தைராய்டு குறைவை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது கொலஸ்ட்ராலையும் ஏற்றும், தசை வலியையும் தரும், சிகேவையும் ஏற்றும். டிஎஸ்எச் என்ற தைராய்டு டெஸ்டைப் பார்க்காமல் ஸ்டாட்டின் மேல் பழி போடுவது அடிக்கடி நடக்கிறது.

இப்போது வலிக்கு வருகிறேன். ஸ்டாட்டின் வலி பெரும்பாலும் இரண்டு பக்கமும் வரும், பெரிய தசைகளில் வரும்: தொடை, பிட்டம், கெண்டைக்கால், தோள்பட்டை. வலியைவிட நான் பெரிதாக மதிப்பது பலவீனத்தை. தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தவர் கையை ஊன்றாமல் எழ முடிகிறதா, இந்தியன் டாய்லெட்டில் குந்தி எழும்போது குழாயைப் பிடித்துக்கொள்கிறாரா, பஸ் படியில் ஏறும்போது கம்பியைப் பிடித்து உடம்பை இழுக்கிறாரா, பரண் மேல் இருக்கிற பாத்திரத்தை எடுக்கக் கை தூக்க முடிகிறதா என்று கவனியுங்கள். "வலிக்கிறது ஆனால் எழ முடிகிறது" என்பதும் "வலி பெரிதாக இல்லை, ஆனால் எழவே முடியவில்லை" என்பதும் ஒன்றல்ல, இரண்டாவதுதான் ஆபத்து.

பத்து வருடச் சர்க்கரை என்கிறீர்கள். பாதத்தில் எரிச்சல், மரத்துப்போதல், ராத்திரியில் கூடுதல் என்றால் அது நரம்பு, தசை இல்லை. ஒரு பக்கம் மட்டும் இடுப்பிலிருந்து வழிந்து இறங்கினால் முதுகெலும்பைப் பாருங்கள். இன்னொன்று இருக்கிறது, அதுதான் என்னை உறுத்துகிறது: நாலு கடை தூரம் நடந்தால் கெண்டைக்கால் இழுத்துப் பிடித்து, நின்றால் இரண்டு நிமிடத்தில் விட்டு, மறுபடி நடந்தால் மறுபடி பிடிக்கிறது என்றால், அது காலுக்குப் போகிற ரத்தக் குழாயில் அடைப்பு. இதயக் குழாயில் அடைப்பு வந்த சர்க்கரைக்காரருக்குக் காலிலும் இருப்பது சாதாரணம். அந்த வலிக்காக ஸ்டாட்டினை நிறுத்தினால், எந்த நோய்க்கு அது மருந்தோ அந்த நோயை வளரவிட்டு மருந்தைத் திட்டுகிறோம் என்று அர்த்தம். டாக்டர் பாதத்தில் நாடி பிடித்துப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்.

சிகே 310 பற்றி. ஆண்களுக்கு மேல்வரம்பு பல லேபுகளில் 200ஐ ஒட்டி இருக்கும், அதனால் 310 என்றால் ஒன்றரை மடங்கு. முந்தின நாள் மாடியில் தண்ணீர்க் குடம் தூக்கியிருந்தாலும், தசையில் ஊசி போட்டிருந்தாலும், காய்ச்சல் வந்து போயிருந்தாலும், கீழே விழுந்திருந்தாலும் இந்த அளவு வரும். மருத்துவர்கள் உஷாராகிற எண் மேல்வரம்பின் பத்து மடங்கு, அதாவது 2,000ஐத் தாண்டும்போது. தசை நிஜமாக அழிகிறபோது எண்கள் பத்தாயிரம், லட்சம் என்று பறக்கும், கோகோ கோலா நிறத்தில் மூத்திரம் போகும், அந்த நிறம் தசையிலிருந்து கசிந்த மயோகுளோபின். அதைப் பார்த்தால் மறுநாள் ஓபிக்குக் காத்திருக்க வேண்டாம், நேராக அவசரப் பிரிவு. இன்னொரு எச்சரிக்கை: ஒரு வாரம் மாத்திரையை நிறுத்திய பிறகு எடுத்த எண் என்றால், நிறுத்துவதற்கு முன் எவ்வளவு இருந்தது என்று இதை வைத்துச் சொல்ல முடியாது.

அடுத்து சொல்லப்போவதைக் கேட்டால் பலருக்குக் கோபம் வரும். ஸ்டாட்டின் எடுப்பவர்கள் சொல்கிற தசை வலியில் பெரும்பகுதி ஸ்டாட்டினால் வருவதில்லை. 2022இல் லான்செட் என்ற மருத்துவ இதழில், மருந்தே இல்லாத வெற்று மாத்திரையோடு ஒப்பிட்ட 19 ஆய்வுகளைச் சேர்த்து சுமார் 1,24,000 பேரின் விவரங்களை அலசினார்கள். ஸ்டாட்டின் எடுத்தவர்களில் 27.1 சதவீதம் பேருக்குத் தசை வலி, வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 26.6 சதவீதம். கூடுதல் வலி முதல் வருடத்தில்தான் தெரிந்தது, ஆயிரம் பேருக்குப் பதினொன்று என்ற கணக்கில், அதன் பிறகு பெரிய வித்தியாசம் இல்லை. இந்த ஆய்வுகளில் சிலவற்றில் ஆரம்பத்திலேயே மாத்திரை ஒத்துக்கொள்ளாதவர்கள் விலகிவிட்டார்கள் என்று ஒரு விமர்சனம் உண்டு, அதில் நியாயமும் இருக்கிறது.

அந்த ஓட்டையை அடைத்த மாதிரி வந்தது லண்டன் இம்பீரியல் கல்லூரியின் சாம்சன் ஆய்வு. ஸ்டாட்டின் ஒத்துக்கொள்ளவில்லை என்று ஏற்கெனவே நிறுத்திய 60 பேரை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொருவருக்கும் பன்னிரண்டு பாட்டில்: நாலில் அட்டோர்வா 20, நாலில் அதே மாதிரி தெரிகிற வெற்று மாத்திரை, நாலு காலி. மாதம் ஒன்று, எந்த மாத்திரை எது என்று தெரியாது, தினமும் போனில் தொந்தரவுக்கு நூற்றுக்கு மதிப்பெண் போட வேண்டும். காலி மாதங்களில் சராசரி 8, வெற்று மாத்திரை மாதங்களில் 15.4, ஸ்டாட்டின் மாதங்களில் 16.3. மாத்திரை விழுங்குகிறோம் என்ற நினைப்பே பத்தில் ஒன்பது பங்கு தொந்தரவைத் தந்திருக்கிறது. இதைக் கேட்டுவிட்டு "அப்பா, எல்லாம் உங்கள் மனப்பிரமை" என்று சொல்லிவிடாதீர்கள். அவர்களுக்கு வலித்தது நிஜம், மதிப்பெண்ணும் நிஜம், காரணம் மட்டும் மருந்துப் பொருள் இல்லை. தங்கள் எண்களைத் தாங்களே பார்த்த பிறகு அவர்களில் பாதிப் பேர் மறுபடி ஸ்டாட்டின் ஆரம்பித்தார்கள் என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி, யாரும் அவர்களைத் திட்டவில்லை.

ரத்த அளவுக் கணக்குக்கு அடங்காத ஒரு வகையும் இருக்கிறது, அரிது, ஆனால் தெரிந்திருக்க வேண்டும். லட்சம் ஸ்டாட்டின்காரர்களில் இரண்டு மூன்று பேருக்கு உடம்பு அந்த எச்எம்ஜி-கோஏ ரிடக்டேஸ் நொதிக்கு எதிராகவே ஆன்டிபாடி தயாரித்துத் தன் தசையைத் தானே அழிக்கிறது. 2011இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் குழு இந்த ஆன்டிபாடியின் இலக்கை அடையாளம் காட்டியது. மற்ற வகைகளில் மாத்திரையை நிறுத்தினால் சில வாரங்களில் சரியாகிவிடும், இதில் நிறுத்தினாலும் பலவீனம் ஏறிக்கொண்டே போகும், சிகே ஆயிரக்கணக்கில் நிற்கும். வருடக்கணக்காக ஒழுங்காகச் சாப்பிட்டவருக்கும் வரலாம். ஸ்டீராய்டு, இம்யூனோகுளோபுலின் போன்ற சிகிச்சை வேண்டும், அப்புறம் வாழ்நாளில் ஸ்டாட்டின் பக்கம் போகக் கூடாது. நிறுத்தி இரண்டு மாதம் ஆகியும் பலவீனம் குறையவில்லை என்றால், இந்த ஆன்டிபாடி டெஸ்ட் எடுக்கலாமா என்று நீங்களே வாய் திறந்து கேளுங்கள்.

எதிர்த்தட்டில் என்ன இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். ஏற்கெனவே இதய நோய் உள்ள 10,000 பேருக்கு எல்டிஎல்லில் 77 புள்ளிகளைக் குறைத்து ஐந்து வருடம் வைத்திருந்தால் சுமார் 1,000 பேருக்கு மாரடைப்போ பக்கவாதமோ அது போன்ற பெரிய விபத்தோ தவிர்க்கப்படுகிறது. அதே 10,000 பேரில் நிஜமான தசை நோய் வருவது சுமார் ஐந்து பேருக்கு, அதில் ஒருவருக்கு முற்றிப் போகலாம். இந்தக் கணக்கு இதய நோய் வந்தவர்களுக்கு. முப்பத்தைந்து வயதில் எல்டிஎல் கொஞ்சம் கூட, வேறு எந்தக் கோளாறும் இல்லை என்கிறவருக்கு நான் இவ்வளவு வற்புறுத்த மாட்டேன், அவருக்கு நிதானமாக யோசிக்க நேரம் இருக்கிறது.

அப்பாவுக்கு டாக்டர் என்ன செய்யலாம் என்றால், வழக்கமான வழி இது: இரண்டிலிருந்து நாலு வாரம் அவர் கண்காணிப்பில் இடைவெளி, வலி போகிறதா என்று பார்ப்பது, போனால் குறைந்த டோஸிலோ வேறு ஸ்டாட்டினிலோ மறுபடி ஆரம்பிப்பது. இடைவெளி விட்டும் வலி அப்படியே இருந்தால் மாத்திரை குற்றவாளி இல்லை. டோஸைக் குறைத்தால் எல்லாம் போய்விடும் என்று பயப்பட வேண்டாம். ஸ்டாட்டினில் டோஸை இரட்டிப்பாக்கும்போது எல்டிஎல் கூடுதலாகக் குறைவது சுமார் ஆறு சதவீதம்தான், எனவே 80லிருந்து 20க்கு இறங்கினால் இழப்பது பன்னிரண்டு சதவீதத்தை ஒட்டி. எசெடிமைப் 10 மி.கி. என்ற விலை குறைந்த மாத்திரையைச் சேர்த்தால் அந்த இழப்பு ஈடாகிவிடும், அது குடலில் வேலை செய்வது, தசைக்குத் தொந்தரவு அரிது. ரோசுவா உடம்பில் நீண்ட நேரம் நிற்பதால் ஒன்றுவிட்டு ஒரு நாள் கொடுப்பதும் உண்டு.

க்யூ10 மாத்திரை பற்றிக் கட்டாயம் கேட்பீர்கள். மேலே சொன்ன கதைப்படி அது வேலை செய்திருக்க வேண்டும், ஆனால் ஆய்வு முடிவுகள் முன்னுக்குப் பின் முரணாக இருக்கின்றன, மாதம் ஆயிரம் ரூபாய் அதில் போடச் சொல்ல எனக்கு மனது வரவில்லை. வைட்டமின் டி குறைவாக இருந்தால் சரிசெய்யுங்கள், அதற்கு அதுவே காரணம் போதும், ஸ்டாட்டின் வலியைத் தடுக்கும் என்று நம்பிக் கொடுத்த பெரிய ஆய்வில் பலன் தெரியவில்லை. சித்தப்பா 'இயற்கை கொலஸ்ட்ரால் கேப்சூல்' என்று ரெட் ஈஸ்ட் ரைஸ் எதையாவது வாங்கிவந்தால் கையெடுத்துக் கும்பிட்டுத் திருப்பிக் கொடுங்கள். அந்தச் சிவப்பு அரிசியில் இருக்கிற மொனகோலின் கே என்பது லோவாஸ்டாட்டினேதான், எத்தனை மி.கி. என்று டப்பாவில் போட்டிருக்காத லோவாஸ்டாட்டின்.

எந்த ஸ்டாட்டினும் ஒத்துவரவில்லை என்றே வைத்துக்கொள்வோம். பெம்படோயிக் அமிலம் இதே தலைமடைக்குக் கொஞ்சம் மேலே அடைக்கிற மருந்து, ஆனால் அது முடங்கிய நிலையில் உள்ளே போகிறது, அதைத் தட்டி எழுப்புகிற நொதி கல்லீரலில் இருக்கிறது, எலும்புத் தசையில் இல்லை. ஸ்டாட்டின் ஒத்துக்கொள்ளாத சுமார் 14,000 பேரை வைத்து 2023இல் வந்த ஆய்வில் மாரடைப்பு உள்ளிட்ட பெரிய விபத்துகள் 13 சதவீதம் குறைந்தன. இந்தியாவிலும் கிடைக்கிறது. அதற்கு மேலே பிசிஎஸ்கே9 என்ற புரதத்தைத் தடுக்கிற ஊசிகள் இருக்கின்றன, ஆரம்ப ஊசிகளுக்குப் பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடுகிற இன்க்லிசிரான் இருக்கிறது, இவை எல்டிஎல்லைப் பாதிக்கு மேல் இறக்கும், விலைதான் கண்ணைக் கட்டும்.

டாக்டரிடம் போகும்போது மருந்துப் பை முழுவதையும் எடுத்துப் போங்கள், படர்தாமரை கேப்சூல், மூட்டு வலித் தைலம், நாட்டு மருந்துப் பொடி எதையும் வீட்டில் விட்டுவிடாமல். டிஎஸ்எச், சிறுநீரகத்துக்குக் கிரியாட்டினின், கல்லீரலுக்கு எஸ்ஜிபிடி, கடினமான வேலை எதுவும் செய்யாமல் மூன்று நாள் கழித்து இன்னொரு சிகே, இவை போதும். கால் நாடியைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். பெம்படோயிக் அமிலம் யூரிக் அமிலத்தை ஏற்றும், அப்பாவுக்கு எப்போதாவது கட்டைவிரல் வீங்கி கௌட் வந்திருந்தால் அதையும் டாக்டர் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.